இணை அமைச்சர் மகளுக்குக் காதுகுத்து

மத்திய சிறை, கடலூர்
3.10.1987

அன்புள்ள பெரியநாயகிக்கு,

நான் நலம். நீயும் வயிற்றில் இருக்கும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை இங்குள்ளவர்கள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் தபாலில் சேர்ப்பார்கள். மனத்தில் இருப்பதையெல்லாம் எழுத முடியாது. புரிந்துகொள்.

சங்கத்தின் சாலை மறியலுக்கு முந்தின நாளே என்னைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டதால் நம் பக்கம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. எலவனாசூர்கோட்டை வளைவில் புளியமரம் விழுந்ததும், அதன் கிளை அடித்து ஒரு போலீஸ்காரருக்குத் தொடை எலும்பு முறிந்ததும் இங்கே புதிதாக வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். உன் தம்பி கொளஞ்சியப்பன் பெயர் அதில் அடிபடுகிறதாமே. எனக்குச் சோறு இறங்கவில்லை.

கொளஞ்சிக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சுச் சளி உண்டல்லவா. அவனுக்குக் கொஞ்ச நாள் மலைக்காற்று நல்லது என்று நினைக்கிறேன். நான் வந்ததும் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறேன். கல்வியிலும் வேலையிலும் நம் பங்கு கிடைக்கும் நாளில் இந்தக் கஷ்டமெல்லாம் கதையாகப் பேசப்படும்.

பெண் பிறந்தால் உரிமைச்செல்வி என்று பெயர் வை. பையனாக இருந்தால் வந்து சொல்கிறேன்.

உன்,
க. சுப்புராயன்,
ஒன்றியச் செயலாளர்

*

வடக்கனந்தல்
12.10.1987

அன்புள்ள மாமாவுக்கு,

பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்திலும் ஒன்றியச் செயலாளர் என்று கையெழுத்துப் போடுகிற ஆள் நீங்கள் ஒருவர்தான். படித்துச் சிரித்தேன். இந்த மாதத்தில் நான் சிரித்தது அது ஒன்றுதான்.

கொளஞ்சிக்கு நெஞ்சுச் சளியே கிடையாது. ஆனாலும் நீங்கள் எழுதும் முன்பே அவன் மலைக்காற்று வாங்கப் போய்விட்டான். எங்கே என்று எனக்கும் தெரியாது. இதைப் படிக்கிற ஐயாமார்களும் குறித்துக்கொள்ளட்டும்.

போலீஸ் நம் வீட்டுக்கு வந்தது. எப்படி இவன் பெயர் கிடைத்தது என்று கேட்டேன். ரோட்டுப் புளியமரத்துக்கெல்லாம் நம்பர் அடித்திருக்கிறார்கள் அல்லவா, விழுந்த மரத்தின் நம்பரைப் பார்த்தார்களாம். அந்த மரத்தில் இந்த வருஷம் புளி உலுக்க யார் ஏலம் எடுத்தது என்று பார்த்தார்களாம். கொளஞ்சியப்பன், வடக்கனந்தல். அவ்வளவு தூரம் மரங்கள் வரிசையாக நிற்கும்போது இவன், தான் ஏலம் எடுத்த மரத்தையே போய்த் தேடி வெட்டியிருக்கிறான்.

போவதற்கு முன் வந்து நின்றான். "ஏண்டா இப்பிடி பண்ண?" என்று கேட்டேன். "இன்னாக்கா பண்றது. ஊரான் ஏலம் எடுத்த மரத்த வெட்டனா அவன் வயித்துல அடிச்ச மாதிரி ஆயிடாதா? நம்மளுதுன்னா நம்மளோட போவுது" என்றான். எனக்கு அவனை அடிப்பதா கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. கொலை முயற்சி என்று எழுதியிருக்கிறார்கள் மாமா. முதல் குற்றவாளி அவன்.

வளைகாப்பை நிறுத்திவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரியநாயகி

*

சென்னை
20.2.1989

அன்புள்ள பெரியநாயகிக்கு,

நேரில் வந்து சொல்ல வேண்டிய செய்தி. வர முடியாததால் எழுதுகிறேன். சங்கத்திலிருந்து விலகிக் கட்சியில் சேர்ந்துவிட்டேன். ஊரில் என்னைத் துரோகி என்று பேசுவார்கள். நீ காதில் வாங்காதே. ரோட்டில் நின்று கேட்டது போதும், இனி உள்ளே போய்க் கேட்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். கட்சித் தலைவர் தோளில் தட்டி, "உன்னப் போல பேசற ஆளு டெல்லிக்கு வேணும்யா" என்றார். எனக்கு மேலெல்லாம் புல்லரித்துவிட்டது.

மறியல் வழக்குகளை எடுத்துவிடச் சொல்லிப் பேசியிருக்கிறேன். சாதாரண வழக்குகள் போய்விடும். போலீஸ்காரருக்கு அடிபட்ட வழக்கு மட்டும் சிக்கலாக இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் நாள் பிடிக்கும். கொளஞ்சியை அதுவரை பொறுக்கச் சொல். எங்கே இருக்கிறான்? சாப்பாட்டுக்கு என்ன செய்கிறான்?

உரிமைச்செல்வி நடக்கிறாளா?

க. சுப்புராயன்

*

வடக்கனந்தல்
6.3.1989

அன்புள்ள மாமாவுக்கு,

நடக்கிறாள், ஓடுகிறாள், கோழியை விரட்டுகிறாள். அப்பா எங்கே என்றால் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டரைக் காட்டுகிறாள். உரிமைச்செல்வி என்று முழுசாகக் கூப்பிடுவதற்குள் சோறு ஆறிவிடுகிறது, பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

நீங்கள் கட்சி மாறியதற்கு ஊர் பேசுகிறது. நான் பேசவில்லை. எது உங்களுக்குச் சரியோ அதைச் செய்யுங்கள். எனக்கு ஒரே ஒரு காரியம்தான். என் தம்பி மலையை விட்டு இறங்கி வீட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஒவ்வொரு முறை ஜீப் சத்தம் கேட்கும்போதும் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறேன். கோமுகி அணையைப் பார்க்க வந்த ஜீப்புக்கெல்லாம் பயந்து பயந்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

அந்தப் போலீஸ்காரரைப் போய்ப் பார்த்தேன். கோபப்படாதீர்கள். உளுந்தூர்பேட்டையில் இருக்கிறார். பெயர் செபாஸ்தியான். இப்போதும் தாங்கித் தாங்கித்தான் நடக்கிறார். நான் யாரென்று சொன்னதும் அவர் சம்சாரம் பவுலின் கதவைச் சாத்தப் போனாள். அவர்தான், "இருக்கட்டும் விடு, வந்துட்டாங்க" என்றார். அப்புறம் சொன்னார்: "உன் தம்பி ஓடிப்போயிருந்தா நான் உன் மூஞ்சியே பாத்திருக்க மாட்டேம்மா. எல்லாரும் ஓடனாங்க. அவன் ஒருத்தன்தான் திரும்பி வந்து கெளைய தூக்கி என்ன வெளிய இஸ்த்தான். 'சார் சார்'னு அழுதுக்கினே இருந்தான்."

இதை எழுதும்போதும் எனக்குக் கண்ணைக் கரிக்கிறது. இது கோர்ட்டில் யாருக்கும் தெரியாது. அதே போல இன்னொன்றும் தெரியாது. உங்களைப் பிடித்துப் போன அன்று காலையில், நம் வீட்டு முற்றத்தில் நின்று, "கோட்டை வளைவுல ஒரு மரமாவது விழணும் கொளஞ்சி" என்று சொன்னவர் நீங்கள். நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். உங்களைக் குத்திக்காட்ட எழுதவில்லை. நீங்கள் மறந்துவிடக் கூடாது என்று எழுதுகிறேன்.

அவன் இருக்கும் இடத்தைக் கடிதத்தில் எழுத மாட்டேன். நேரில் வந்தால் சொல்கிறேன். மலையில் ஒரு குடும்பம் அவனைப் பிள்ளை போல வைத்திருக்கிறது. மரவள்ளிக்குக் களை எடுக்கிறான்.

பெரியநாயகி

*

புதுதில்லி
25.8.1990

அன்புள்ள பெரியநாயகிக்கு,

மாநிலங்களவை உறுப்பினராகி நான்கு மாதம் ஆகியும் உனக்கு ஒழுங்காக ஒரு கடிதம் எழுதவில்லை. இங்கே வெயிலும் இந்தியும் ஒன்றாகச் சேர்ந்து மண்டையை உடைக்கின்றன.

செய்தித்தாளில் பார்த்திருப்பாய். பிற்படுத்தப்பட்டவர்களுக்கு மத்திய அரசு வேலையில் இடஒதுக்கீடு என்று அறிவித்ததிலிருந்து இந்த ஊர் கொதிக்கிறது. மாணவர்கள் ரோட்டை மறிக்கிறார்கள், பஸ்ஸைக் கொளுத்துகிறார்கள். நேற்று என் காரை வழிமறித்து ஒரு பையன் கண்ணாடியில் கையால் ஓங்கி அடித்தான். மூன்று வருஷத்துக்கு முன் நாம் கேட்டதற்காக நாம் மறித்தோம். இன்று நமக்குக் கொடுக்கக் கூடாதென்று அவர்கள் மறிக்கிறார்கள். காருக்குள் உட்கார்ந்திருந்தவன் நான். அந்தப் பையன் முகம் கொளஞ்சி முகம் போலவே இருந்தது என்றால் நம்ப மாட்டாய்.

அவையில் நன்றாகப் பேசினேன். பெரியவர்கள் வந்து கை கொடுத்தார்கள். இணை அமைச்சர் பதவிக்கு என் பெயர் அடிபடுகிறது. வெளியே சொல்லாதே.

பாப்பாவுக்கு மூன்றாவது வயது முடிவதற்குள் காது குத்திவிட வேண்டும் என்று சொன்னாயே. ஐப்பசியில் வைத்துக்கொள்ளலாம். பெரிதாகச் செய்வோம்.

க. சுப்புராயன்

*

வடக்கனந்தல்
4.9.1990

அன்புள்ள மாமாவுக்கு,

கண்ணாடி உடைந்து உங்கள் மேல் படவில்லையே? படித்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. அந்த ஊரில் தனியாக வெளியே போகாதீர்கள்.

பெரிதாகவெல்லாம் வேண்டாம். பெரிதாகச் செய்தால் பாப்பாவை யார் மடியில் உட்கார வைப்பது? தாய்மாமன் என்று எனக்கு இருப்பதே ஒருத்தன். அவன் எப்படி வருவான்? ஊர் கூடியிருக்கிற இடத்தில் வேறு யாரையாவது உட்கார வைத்தால் அவன் செத்தே போவான். பாப்பா பிறந்ததிலிருந்து தோடு வாங்க மலையில் கூலியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். வழக்கு முடியட்டும். ஐந்தாம் வயதில் குத்திக்கொள்ளலாம்.

பெரியநாயகி

*

புதுதில்லி
24.9.1990

அன்புள்ள பெரியநாயகிக்கு,

தேதி குறித்துவிட்டேன். அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை, வளர்பிறை முகூர்த்தம். கள்ளக்குறிச்சியில் மண்டபம் பேசியாகிவிட்டது. தில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் முக்கியமானவர்கள் வருகிறார்கள். இனி மாற்ற முடியாது.

கொளஞ்சியைக் கட்டாயம் வரச் சொல். அவன் மடியில்தான் பாப்பா உட்கார வேண்டும். நான் இருக்கும்போது அவன் மேல் யார் கை வைப்பார்கள்? எந்தப் பக்கம் இருக்கிறான் என்று மட்டும் எழுது, கார் அனுப்புகிறேன். கரியாலூரா, வெள்ளிமலையா?

இன்னொரு விஷயம். இங்கே ஒரு பத்திரிகையில் 'வருங்கால அமைச்சரின் தலைமறைவு மைத்துனர்' என்று கட்டம் கட்டிப் போட்டுவிட்டார்கள். தலைவர் என்னைக் கூப்பிட்டு, "இன்னாய்யா இது?" என்று ஒரு வார்த்தைதான் கேட்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இவ்வளவு தூரம் ஏறி வந்து, கடைசிப் படியில் இது காலைப் பிடித்து இழுக்கிறது. நம் பக்கத்திலிருந்து இப்படி ஒரு இடத்துக்கு வருகிற முதல் ஆள் நான். என் ஒருவனுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நீயாவது புரிந்துகொள்.

க. சுப்புராயன்

*

வடக்கனந்தல்
2.10.1990

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் சந்தோஷப்பட்டேன் என்பது உண்மை. அவன் மேல் யார் கை வைப்பார்கள் என்று நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தகவல் சொல்லி அனுப்பலாம் என்று ஆள் கூடப் பார்த்துவிட்டேன்.

நேற்று மண்டபத்தைப் பார்க்கப் போனேன். சமையல் கட்டு எப்படி இருக்கிறது, தண்ணீர் வருகிறதா என்று பார்க்கத்தான். அங்கே இரண்டு பேர் சட்டை வேட்டியில் நின்றிருந்தார்கள். மண்டபத்துக் கணக்குப்பிள்ளையிடம் ஒருத்தர் கேட்டுக்கொண்டிருந்தார்: "தாய்மாமன் எந்தப் பக்கம் பாத்து ஒக்காருவாரு? பின்னால வழி கீதா?" நான் யாரோ சமையல்காரி என்று நினைத்திருப்பார்கள். காலில் போலீஸ் பூட்ஸ்.

காதுகுத்து வீட்டில் சாப்பாடு எப்போது என்று கேட்பார்கள், சீர் எப்போது வரும் என்று கேட்பார்கள். பின்பக்கம் வழி இருக்கிறதா என்று யார் கேட்பார்கள்?

நான் திரும்பி வந்து பஸ்ஸில் உட்கார்ந்தவள், இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கச்சிராயபாளையம் போய்த்தான் எனக்கு நினைவு வந்தது.

நேராகவே கேட்கிறேன். அவர்கள் வந்தது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்று ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் எழுதினால் நான் நம்புவேன். என் தம்பி எங்கே இருக்கிறான் என்று நீங்கள் இத்தனை முறை கேட்பது எதற்கு?

உடனே பதில் போடுங்கள்.

பெரியநாயகி

*

இணை அமைச்சர் அலுவலகம்
புதுதில்லி
8.10.1990

அன்புள்ள பெரியநாயகிக்கு,

நேற்று பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டேன். உன் நினைவாகவே இருந்தது. வேலை மிகுதியால் இதை உதவியாளரிடம் சொல்லித் தட்டச்சு செய்ய வைக்கிறேன்.

நீ கேட்டதற்கு: வீணாக மனத்தைக் குழப்பிக்கொள்ளாதே. மாதக் கடைசிக்குள் அந்தப் பிரச்சினை முடிந்துவிடும் என்று தலைவரிடம் வாக்குக் கொடுத்த பிறகே எனக்கு இந்தப் பொறுப்பு வந்தது. அவனுக்கு ஒரு கீறலும் விழாது. சடங்கு முடிந்து, பந்தியில் சாப்பிட்ட பிறகு மரியாதையாக அழைத்துப் போவார்கள். சட்டம் எல்லோருக்கும் ஒன்று என்று நான் பத்திரிகையாளர்களிடம் ஒரு வார்த்தை சொல்வேன். நல்ல வக்கீல் வைக்கிறேன். சீக்கிரமே ஜாமீன் கிடைக்கும்.

அவனிடம் இதைச் சொல்லாதே. சொன்னால் வர மாட்டான். பாப்பாவைக் காட்டி வரச் சொல்.

க. சுப்புராயன்

*

வடக்கனந்தல்
15.10.1990

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தெரியாது என்று ஒரு வரி கேட்டேன். நீங்கள் ஒரு பக்கம் அனுப்பியிருக்கிறீர்கள். அதையும் வேறு ஒருத்தர் விரலால் அடித்து. என் தம்பியைப் பிடித்துக் கொடுப்பது எப்படி என்று நீங்கள் சொல்லச் சொல்ல யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து அடித்திருக்கிறார். அவர் முகம் எப்படி இருந்தது என்று பார்த்தீர்களா?

பாப்பாவுக்குக் காது குத்தியாகிவிட்டது.

சனிக்கிழமை, புரட்டாசிக் கடைசிச் சனி. மலைக் கோயிலில் பெருமாளுக்கு நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக பஸ் ஏறினேன். காது குத்தும் கந்தசாமி ஆசாரியைத் தனியாக முன் பஸ்ஸில் அனுப்பிவிட்டேன். எந்த ஊர், எந்தக் கோயில் என்று எழுத மாட்டேன். உங்களுக்கு எழுதக் கூடாது என்று ஒரு நாள் வரும் என நான் நினைத்ததே இல்லை. புரட்டாசியில் காது குத்துவார்களா என்று ஆசாரியே இழுத்தார். "பெருமாள் மாசத்துல பெருமாள் எதிர்க்கவே குத்தறோம், இன்னா கொற வந்துடும்?" என்றேன்.

கொளஞ்சி சீர் கொண்டுவந்தான். ஒரு தூக்கில் தேன், ஒரு முடிச்சு சாமை அரிசி, பாப்பாவுக்குச் சிவப்புச் சட்டை, அவன் சேர்த்து வாங்கிய தோடு. அவனை வைத்திருக்கும் இருசப்பன் வீட்டார் தட்டு தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்து வந்தார்கள், எங்கள் சொந்தம் போல. மூன்று வருஷத்தில் அவனுக்குத் தலை நரைத்துவிட்டது மாமா. பாப்பா அவனை அதற்கு முன் பார்த்ததில்லை. அவன் மடியில் உட்கார்ந்ததும் ஏனோ அழாமல் அவன் மீசையைப் பிடித்து இழுத்தாள். ஆசாரி குத்தியபோதுதான் கத்தினாள். அவளை விட அவன்தான் ஜாஸ்தி அழுதான்.

சாப்பிட்ட பிறகு எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். சொல்லாதே என்று நீங்கள் எழுதியிருந்ததையும் படித்துக் காட்டினேன். நீங்கள் நினைத்தது போல அவன் பயந்து ஓடவில்லை. பாப்பாவின் புதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "மாமா என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வந்து கைய நீட்டியிருப்பனேக்கா. 'கொளஞ்சி, எனக்கு இது வேணும்டா, வாடா'ன்னு கேட்டிருந்தா போதுமே. அன்னிக்கி மரத்த வெட்டுன்னாரு, இன்னாத்துக்குன்னு கேட்டனா?" என்றான்.

எனக்கு உங்கள் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் எங்கேயோ போய்விட்டது. உங்களை நினைத்துப் பாவமாக இருந்தது. இப்படி ஒருத்தன் உங்களுக்கு இருப்பதை மறந்துவிட்டீர்களே என்றுதான் இருந்தது.

அப்போதும் அவன் சொல்கிறான், "இருபத்தெட்டாந்தேதி வந்துடறேன்க்கா, மாமா பேரு கெட வேணாம்." நான்தான் முடியாது என்றேன். பாப்பா உட்கார்ந்த மடியிலிருந்து அவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவதை போட்டோ எடுக்க விட மாட்டேன். பிள்ளை அதைப் பார்த்து வளரக் கூடாது.

தீபாவளியை அவன் அங்கேயே முடித்துக்கொண்டு, அக்டோபர் 29, திங்கட்கிழமை, கள்ளக்குறிச்சி கோர்ட்டில் அவனாகவே வந்து சரணடைகிறான். வக்கீல் நான் பார்த்துவிட்டேன், நீங்கள் வைக்க வேண்டாம். மரத்தை வெட்டியது நான்தான் என்று சொல்லப் போகிறான். வெட்டச் சொன்னது யார் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டானாம். என் தலையில் அடித்துச் சத்தியம் செய்கிறான். அவன் மாட்டான். என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்டால், முறத்தில் அரிசியோடு நான் நின்றிருந்த இடத்திலிருந்து சொல்வேன்.

பயமாகத்தான் இருக்கிறது. அவனை உள்ளே போட்டு எத்தனை வருஷம் வைப்பார்களோ, உங்கள் பதவிக்கு என்ன ஆகுமோ, நீங்கள் இனி இந்த வீட்டு வாசலில் கால் வைப்பீர்களோ மாட்டீர்களோ என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு நானும் பாப்பாவும் வர மாட்டோம். குத்திய காதை மறுபடி குத்த முடியாது. சமையலுக்குச் சொன்னதை நிறுத்துவதும் நடத்துவதும் உங்கள் பாடு.

திங்கட்கிழமைக்குச் செபாஸ்தியான் வருகிறார். உளுந்தூர்பேட்டைக்குப் போய்ச் சொன்னேன். அவர் சம்சாரம் இந்த முறை கதவைச் சாத்தவில்லை. "அவன் என்ன இஸ்த்துப் போட்டத நான் ஜட்ஜ்கிட்ட சொல்றேம்மா. பஸ்ல ஏறி எறங்கறதுதான் சிரமம், பையன் புடிச்சிக்குவான்" என்றார்.

அன்றைக்கு அவன் வெட்டிய மரத்தால் கால் ஒடிந்தவர் அவர். அவரே வருகிறேன் என்கிறார். நீங்கள் வருகிறீர்களா மாமா?

பெரியநாயகி